குப்பை ஆர்.என்.ஏ.வும் துறைத்தலைவரின் காலும்

ஓசூரில் நான் விலங்கியல் கற்பித்த கல்லூரியின் கருத்தரங்கு ஒன்றில், என் துறைத்தலைவர் மாணவர்கள் முன்னிலையில் என்னை இடைமறித்தார். புரதத்தை உருவாக்காத ஆர்.என்.ஏ.க்களுக்கும் உடலில் வேலை இருக்கக்கூடும் என்று அப்போது விளக்கிக்கொண்டிருந்தேன்.

"புரதம் செய்யாததெல்லாம் குப்பைங்க. குப்பையை எதுக்குக் கிளாசுக்குள்ள கொண்டாறீங்க?"

அரங்கு சிரித்தது. எல்லைக்கு அப்பாலிருந்து பேருந்தில் வரும் மாணவர்கள் மறுநாளே எனக்குக் 'கச மேஷ்ட்ரு' என்று பெயர் வைத்தார்கள்; கன்னடத்தில் குப்பை வாத்தியார். என் பணிநிறைவு விழாவிலும் யாரோ அப்பெயரை முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் மறக்கவில்லை; மறக்க முயலவும் இல்லை.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் மாதந்தோறும் ஓர் உறுப்பினர் தம் துறை பற்றிப் பேசுவது வழக்கம். பேச்சாளரை அறிமுகம் செய்வதும், தலைப்பை வாசிப்பதும், நன்றி கூறுவதும் தலைவரின் கடமை. சென்ற ஆண்டு அப்பொறுப்புக்கு வந்தவர் அதே துறைத்தலைவர். சர்க்கரை நோயால் காலில் ரத்தக்குழாய் அடைத்து, பெங்களூருவில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியிருந்தார். ஸ்டென்ட் செய்தி கேட்ட அன்றே பேச்சாளராக என் பெயரைக் கொடுத்தேன்.

"ரத்தக்குழாயைக் காக்கும், புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.க்கள்" என்று அவரே வாசித்தார்.

நான் நிதானமாகப் பேசினேன். கருவில் குழாய்கள் கிளைவிடும்போது எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை இவை கட்டுப்படுத்துகின்றன. இவற்றுள் சில குறைந்தால் குழாயின் உட்சுவர் கசிகிறது. அடைப்பு நோயிலும் இவற்றின் அளவு மாறுகிறது. குப்பை என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. அதை அவருக்கென்று வைத்திருந்தேன்.

கேள்வி நேரத்தில், காலை நீட்டியபடியே அவர் கேட்டார்: "சார், என் காலுக்கு இதுல மருந்து ஏதாச்சும் வருமா?"

"தேடிட்டிருக்காங்க சார். நீங்க குப்பைன்னு சொன்னீங்களே, அதுக்குள்ளதான்."

அன்று கருத்தரங்கில் சிரித்தவர்களுள் ஒருவரான கணிதப் பேராசிரியர் முன்வரிசையிலிருந்து கேட்டார்: "என்ன தலைவரே, கச மேஷ்ட்ரு பாஸ் பண்ணிட்டாரா?"

கூட்டம் சிரித்தது. இம்முறை என்னைப் பார்த்து அல்ல. தலைவர் நன்றியுரைக்கு எழுந்தார். "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. பேராசிரியர் சொன்னதுதான் சரி."

மைக் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

"பின்வரிசைக்குக் கேக்கலைங்க சார்" என்றேன்.

மறுபடியும் சொன்னார்.