‘ஃபுல்’ என்று எழுதிய தொட்டி

பொம்மனஹள்ளியில் பதினெட்டு மாடி அடுக்ககம் ஒன்றின் பம்ப் ரூமில் தியோடருக்குப் பதினோரு வருட வேலை. ஜோகுபாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அங்கே பூமிக்கடியில் இரண்டு சம்ப் தொட்டிகள். ஒன்று வீடுகளுக்கு. இன்னொன்று, இரண்டு லட்சம் லிட்டர், நெருப்புக்கு மட்டும். அதிலிருந்து தடித்த சிவப்புக் குழாய் ஒன்று மாடி மாடியாக ஏறும். எந்த மாடியில் வால்வைத் திறந்தாலும் கீழே மோட்டார் தானாக ஓடித் தண்ணீரை மேலே தள்ள வேண்டும்.

அந்தக் கோடையில் போர்வெல் வறண்டது. டேங்கர் லாரி சொன்ன நேரத்துக்கு வரவில்லை. குளிக்காமல் ஆபீஸ் போனவர்கள் வாட்ஸ்அப் குழுவில் கத்தித் தீர்த்தார்கள். சங்கச் செயலாளர் ரகுராம் பம்ப் ரூமுக்கு இறங்கி வந்தார்.

“அந்த சம்ப்ல அவ்ளோ தண்ணி சும்மாதானே கெடக்குது, தியோடர்? ஒரு மோட்டார் போட்டு வீடுங்களுக்கு ஏத்துங்க.”

“அது ஃபயருக்கு சார். தொடக்கூடாது.”

“பதினோரு வருஷத்துல எத்தனை தடவ ஃபயர் வந்திருக்கு?”

“ஒரு தடவையும் இல்ல சார்.”

“அப்புறம் என்ன? டேங்கர் வந்ததும் ரொப்பிக்கலாம்.”

அன்றைக்கே அந்த சம்ப்பில் ஒரு மோட்டார் இறங்கியது. டேங்கர் வந்தது. வந்த தண்ணீர் வீடுகளுக்கே போதவில்லை. வாராந்திர ரிஜிஸ்டரில் தண்ணீர் மட்டத்தைத் தியோடர் உள்ளபடியே எழுதினார்: கால் பங்கு. அடுத்த வாரம், ஒரு சாண். ரகுராம் அந்தத் தாளைக் கிழித்தார்.

“இன்ஸ்பெக்‌ஷன் வந்தா யாரு பதில் சொல்றது? ஒழுங்கா எழுத முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்.”

தியோடருக்கு ஐம்பத்து மூன்று வயது. புதுத் தாளில் ‘ஃபுல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படியே ஏழு வாரம் போட்டார்.

எட்டாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பன்னிரண்டாம் மாடி வீடொன்றில் சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் பேட்டரி வெடித்தது. வீட்டுக்காரர்கள் ஆபீசில். உள்ளே படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவர் கோவிந்தராஜனும், அவரைப் பார்த்துக்கொள்ளும் சரசுவும்தான். சரசு தினமும் பம்ப் ரூம் வாசலில்தான் மதியச் சாப்பாடு சாப்பிடுவாள். தியோடரை அண்ணே என்று கூப்பிடுவாள்.

தியோடர் படியேறி ஓடினார். ஹோஸை மாட்டி வால்வைத் திறந்தார். மேல்மாடிக் குழாயில் நின்றிருந்த தண்ணீர் மட்டும் ஒரு நிமிஷம் பீய்ச்சியது. பிறகு வெறும் காற்று. ஹோஸ் துவண்டு தரையில் விழுந்தது. பெரியவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, சரசு ஹால் வரை தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். புகைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

“வந்துட்டேண்ணே, தண்ணி அடிங்க.”

தீயணைப்பு வண்டி வந்து கீழிருந்து குழாய்க்குத் தண்ணீர் ஏற்றியபோது இருபத்தாறு நிமிஷம் ஆகிவிட்டது. இருவரும் போய்விட்டிருந்தார்கள்.

விசாரணையில் ரகுராம் ரிஜிஸ்டரை நீட்டினார். “ஆபரேட்டர் கையெழுத்து இருக்கு சார். எங்களுக்கு எப்படித் தெரியும்?” சம்ப்பில் இறக்கியிருந்த மோட்டாரைப் போலீஸ் வருவதற்குள் யாரோ கழற்றியிருந்தார்கள். கிழித்த தாளுக்குச் சாட்சி இல்லை. அந்தத் தண்ணீரில் குளித்த நூற்று நாற்பது வீடுகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தியோடர் பத்தொன்பது நாள் உள்ளே இருந்தார்.

ஜாமீனில் வந்ததும் ஸ்ரீராம்புரத்தில் சரசுவின் வீட்டுக்குப் போனார். மகள் பார்கவி அவரை உள்ளே கூப்பிடவில்லை.

“சம்ப் காலின்னு ஒங்களுக்குத் தெரியும்ல அங்கிள்?”

“தெரியும்மா.”

“அம்மாவுக்கு?”

“தெரியாது.”

“தெனம் ஒங்க பக்கத்துல ஒக்காந்துதான சாப்ட்டாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா, புகை வந்ததுமே எறங்கி ஓடியிருப்பாங்கல்ல.”

சொல்லியிருந்தாலும் பெரியவரை விட்டு அவள் ஓடியிருக்க மாட்டாள் என்று தியோடருக்குத் தோன்றியது. தலை குனிந்தபடி தெருவைத் தாண்டி நடந்தார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ரகுராம் வேறு அடுக்ககத்துக்குக் குடிபோய்விட்டார். தியோடரைப் பம்ப் வேலைக்கு யாரும் எடுப்பதில்லை. அல்சூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறார். வாய்தா நாளில் பார்கவியும் கோர்ட்டுக்கு வருவாள். எதிர் பெஞ்சில் உட்காருவாள்.