மாற்றிச் சுற்றிய அட்டை

கதை கட்டுகிறாள் என்பீர்கள். கட்டுகிற ஆளாக இருந்தால் இருட்டு, மழை, நாய் ஊளை எல்லாம் சேர்த்திருப்பேனே! எனக்கு நடந்தது பட்டப்பகலில், நல்ல வெயிலில், என் கண்ணெதிரே.

அட்டையில் விளையாட்டுச் சாமான் செய்து கடைகளுக்குப் போடுவது என் பிழைப்பு. அக்கா மாடிப்படியிலிருந்து விழுந்து செத்து அப்போது மூன்று வாரம். துணி காயப்போட ஏறினவளுக்குக் கால் வழுக்கிவிட்டது என்றான் அவள் புருஷன். அவனை அத்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஈரத்துணி வாளி மேல்படியில் ஒரு பொட்டுத் தண்ணீர் சிந்தாமல் நின்றதை நான் பார்த்தேன். விழுகிறவள் வாளியை இறக்கி வைத்துவிட்டா விழுவாள்? கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாளியை அப்படியே தூக்கிவந்து என் பின்னறையில் வைத்துப் பூட்டினேன். மேலாகப் பிள்ளையின் பள்ளிச் சட்டையும் பூப்போட்ட போர்வையும் தெரிந்தன; தொட மனம் வரவில்லை.

அக்காவின் மகளும் என்னோடுதான் இருந்தாள். ஆறு வயது. அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை. நாலு மணிக்கு வந்து அவளைக் கூட்டிப்போவதாக அவன் போன் செய்திருந்தான். அனுப்பினால் இவளுக்கும் ஒருநாள் கால் வழுக்கும். தடுக்க வழி தெரியவில்லை.

பிள்ளை கையில் கொடுத்தனுப்ப ஒரு சுழல் அட்டை செய்தேன். வட்ட அட்டை, ஓரத்தில் பன்னிரண்டு கீறல், நடுவில் ஆணி, பிடிக்க ஒரு குச்சி. படத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிச் சுற்றிவிட்டு, கீறல் வழியே பார்த்தால் கண்ணாடிக்குள் படம் அசையும். அக்கா வாளியோடு படி ஏறுவதைப் பன்னிரண்டு படமாக வரைந்தேன். சிரித்த முகம்.

சுற்றினேன். சுற்றுகிற திசை மாறிப்போயிற்று. அக்கா ஏறவில்லை. பின்பக்கமாகக் கீழே போனாள்...

பிள்ளை அட்டையைப் பிடுங்கினாள். மாற்றிச் சுற்றினாள்.

சப்... சப்... சப்...

ஆணி உரசுகிற சத்தம் இல்லை அது. ரப்பர் செருப்பு படி ஏறுகிற சத்தம்.

"சித்தி, அம்மா மேல வர்றாங்க."

மூன்று வாரத்துக்குப் பிறகு பேசுகிறாள். அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தேன்.

கீறல் வழியே பார்த்தேன். மேல்படியில் ஓர் ஆள் நின்றான். நான் வரையாத ஆள்.

அக்கா முகத்தில் சிரிப்பு இல்லை.

"போதும்டி கண்ணு, நிறுத்து," என்றேன்.

"இன்னும் ஒரு படிதான் சித்தி."

சப்...

அட்டை தானாக நின்றது.

மணி மூன்று நாற்பது.

நாலு மணிக்கு அவன் வரவில்லை. ஐந்து மணிக்கு அக்கா வீட்டு எதிர்வீட்டுக்காரர் போன் செய்தார். மாடிப்படி அடியில், அக்கா கிடந்த அதே இடத்தில், கழுத்து முறிந்து கிடந்தானாம். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்ததாம். நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. இப்போதும் அதேதான்.

பிறகு அவர் இன்னொன்று சொன்னார். மொட்டைமாடிக் கொடியில் துணி காய்கிறதாம். பிள்ளையின் பள்ளிச் சட்டை, பூப்போட்ட போர்வை... எல்லாம் இப்போதுதான் பிழிந்து போட்டது போலச் சொட்டுகிறதாம்.

பின்னறைப் பூட்டைத் திறந்தேன்.

வாளி அங்கேயே இருந்தது. அடியில் அவன் சட்டை மட்டும் கிடந்தது.