முட்டைக்கண்ணியின் தகர டப்பா

தூங்கி எழுந்தபோது நான் தாத்தாவாகியிருந்தேன். ஆனால் பேரப்பிள்ளையைக் காணவில்லை.

நாங்கள் கரடி ஜனம். பனி விழத் தொடங்கியதும் தெரு மொத்தமும் பெரிய கூடத்துக்குப் போய், அவரவர் மெத்தையில் படுத்துவிடுவோம். எழுந்திருக்க நாலு மாதம் ஆகும். எங்கள் பெண்களுக்குப் பிரசவமும் அந்தத் தூக்கத்திலேயே நடந்துவிடும். பிள்ளை அணில் குட்டி அளவில், கண் திறக்காமல் பிறக்கும். தானே ஊர்ந்துபோய்த் தாய் மார்பில் ஒட்டிக்கொள்ளும். யாருக்கு என்ன பிறந்தது என்பது எழுந்த பிறகுதான் தெரியும். அதனால் எழுந்த அன்றைக்கு எங்களில் யாரும் முகம் கழுவப் போவதில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் மெத்தைக்குத்தான் ஓடுவார்கள்.

நானும் ஓடினேன். கால் மரத்துப்போய் இரண்டு தரம் விழுந்தேன். என் மகளின் போர்வையைத் தூக்கிப் பார்த்தால் வயிறு வற்றியிருக்கிறது. மார்பில் ஒன்றும் இல்லை.

மகள் பாதிக் கண் திறந்து, "அப்பா, என்ன பிள்ளை?" என்றாள்.

என் மனைவி போர்வையை உதறினாள், தலையணையை உதறினாள், மகளையே ஒரு பக்கமாக உருட்டிப் பார்த்தாள். மெத்தையைப் புரட்டியபோது நான் ஒன்றைக் கவனித்தேன். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் துணி இல்லை.

"எலியா?" என்றாள் மனைவி.

"எலி இவ்வளவு நேரா கடிக்குமா? இது கத்தரிக்கோல்."

நான் மெத்தை தைக்கிறவன். அந்த மெத்தையும் என் கைத் தையல்தான். நான் தைத்ததில் யாரோ கத்தரி வைத்திருக்கிறார்கள். பிள்ளையும் இல்லை. எனக்கு உடனே முட்டைக்கண்ணியின் ஞாபகம் வந்தது. சந்தேகப்பட வேண்டும் என்றால் எங்களுக்கு முதலில் வருவது அவர்கள் ஞாபகம்தான்.

அவள் தூங்காத ஜனம். எங்கள் தெருவுக்குப் பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள். எங்களைப் போலவே ரோமம், மூக்கு, நகம் எல்லாம் உண்டு. ராத்திரியில் தூங்குவார்கள். குளிர்காலத் தூக்கம் மட்டும் அவர்களுக்கு வராது. வெயில் காலத்தில் முட்டைக்கண்ணி சந்தையில் மீன் கழுவுவாள். குளிர்காலத்தில் மற்ற ஏழு பேரோடு கூடத்தைக் காவல் காப்பாள். அடுப்பு அணையாமல் விறகு போட வேண்டும், கூரையில் பனி கனக்காமல் தள்ள வேண்டும், ஒரே பக்கமாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் போட வேண்டும். நானூறு பேரை வாரத்துக்கு ஒருமுறை புரட்டுவது என்றால் சும்மா இல்லை. நாங்களோ ஆளுக்கு ஒரு மூட்டை கனம். கடைசி நாளில் மர அகப்பையால் கட்டில் காலைத் தட்டித் தட்டி எல்லோரையும் எழுப்புவாள். அவள் உட்கார அடுப்பருகே ஒரு முக்காலி உண்டு. முப்பது வருடமாக அதே முக்காலி.

வாயும் கொஞ்சம் நீளம். "மெத்தைக்காரரே, இந்தத் தடவை நீங்க விட்ட குறட்டையில மூணு பனிக்கட்டி உடைஞ்சு விழுந்துச்சு" என்பாள். நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டு, அவள் வெளியே போகும்போது அவள் பையைச் சோதனை போடுவோம்.

அதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்வது. ஆதியில் முதல் தாய்க்கரடி மலைக்குகையில் தன் பிள்ளைகளைப் படுக்கச் சொன்னாளாம். ஒருத்தி மட்டும் தூங்குகிற மாதிரி நடித்து, மற்றவர்கள் பங்குத் தேனை எல்லாம் நக்கித் தீர்த்தாளாம். அதனால் அவளிடமிருந்து தூக்கம் பிடுங்கப்பட்டதாம். அவள் வம்சம்தான் தூங்காத ஜனம். அதனால்தான் கூடத்து வாசலில் ஒரு மேசை. எழுந்த அன்றைக்கு எட்டுப் பேரும் வரிசையில் நின்று பையை அதன்மேல் கொட்ட வேண்டும். கூடத்தின் தலைவர் கிளறிப் பார்ப்பார். இத்தனை வருடத்தில் ஒரு ஊசிகூடக் காணாமல் போனதில்லை. ஆனாலும் மேசை இருந்தது.

நான் வாசலுக்குப் போனபோது ஏழு பேர் கொட்டி முடித்திருந்தார்கள். கடைசியாக முட்டைக்கண்ணி. சீப்பு, அகப்பை, பாதி ரொட்டி, துருப்பிடித்த ஒரு தகர டப்பா.

"கோட்டுப் பொத்தானைக் கழட்டு" என்றார் தலைவர்.

"கழட்டினா குளிரும்."

"உனக்கா குளிரும்? நாலு மாசம் முழிச்சுக் கிடந்தவளுக்கு?"

"எனக்கில்ல தலைவரே."

அவள் பார்வை என்னிடம் வந்தது. மேல் பொத்தானை ஒன்றைக் கழற்றினாள். கோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கறுப்பு மூக்கு வெளியே வந்து, காற்றை மோந்து, தும்மியது.

என் மனைவி என் தோளைப் பிடித்த பிடியில் நகம் உள்ளே இறங்கியது. அதுகூட எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"பொண்ணு" என்றாள் முட்டைக்கண்ணி. "பிறந்து பத்தாம் நாள் உங்க மகளுக்குப் பால் நின்னுபோச்சு. பிள்ளை சில்லுன்னு ஆயிட்டுது. தூங்க விட்டா எழுந்திருக்காது. மடியில போட்டு, அடுப்புகிட்ட உட்கார்ந்து, ஆட்டுப்பால் ஊத்தி, பேசிக்கிட்டே இருந்தேன். அன்னையிலேருந்து ஓயாத பேச்சுத்தான். உங்க குறட்டையைப் பத்தியே பாதி நாள் ஓடிப்போச்சு."

"மகளை எழுப்பியிருக்கலாமே?" என்றாள் என் மனைவி.

"நடுவுல எழுப்பினா உடம்புல இருக்கிற கொழுப்பெல்லாம் ஒரே வாரத்துல கரைஞ்சுடும். அப்புறம் அவளும் இருக்க மாட்டா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நான் கையை நீட்டினேன். தலைவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"நில்லுய்யா. முதல் குளிர்காலம் முழுக்க முழிச்சிருந்த பிள்ளை. இனிமே அதுக்கு அந்தத் தூக்கம் வராது. புரியுதா? இது தூங்காத ஜனம் ஆயிட்டுது."

"ஆயிட்டுதா?" என்றேன். "அது வம்சம் இல்லையா? தேன் திருடினவ வம்சம்?"

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த மாதிரி எப்பவாவது நடக்கும். நடந்தா வீட்டுப் பெரியவங்க 'பிழைக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அவங்க பிள்ளையைக் கொண்டுபோயிடுவாங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. உனக்கு இன்னொரு பொண்ணு இருக்கா. நாளைக்கு அவளை யார் கட்டிக்குவாங்க? உன்கிட்ட மெத்தை யார் வாங்குவாங்க? சொல்லிடுய்யா."

வரிசையில் நின்ற மற்ற ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். எத்தனை தடவை இதைப் பார்த்த கண்களோ! அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வேறு ஜனமே இல்லை. எங்கள் கட்டில்களில் பிறந்து, இதே வாசலில் 'பிழைக்கல' என்று விடப்பட்டவர்கள். ஒரு கதையைச் சொல்லிச் சொல்லி நாங்களே அவர்களை வேறாக்கி வைத்திருக்கிறோம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் உடனே வாய் திறக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சின்ன மகளை நினைத்தேன். கடையை நினைத்தேன்.

"வாயில என்ன, பஞ்சு திணிச்சு வெச்சிருக்கா?" என்றாள் என் மனைவி.

அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக் குனிந்தேன். மேசையில் தகர டப்பா திறந்து கிடந்தது. உள்ளே துணித் துண்டுகள். ஒரு விரல் அகலம். மேலே கிடந்தது நீலத்தில் சிவப்புக் கோடு, எங்கள் வீட்டு மெத்தைத் துணி.

"எந்த வீட்டுப் பிள்ளைன்னு ஒரு அடையாளம் வேணும்ல?" என்றாள் முட்டைக்கண்ணி. "யாராவது கேட்டா காட்டலாம்னு, எனக்கு முன்னாடி காவல் இருந்தவங்க காலத்துலேருந்து வெட்டி வெச்சிருக்கோம். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. பழசெல்லாம் நிறம் மங்கிப்போச்சு, அடுப்பு வெளிச்சத்துல எது எந்த வீடுன்னும் எங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு கோடு, இல்லை ஒரு கட்டம். அப்பா காலத்திலிருந்து மாதிரித் துணி என் கடைச் சுவரில் வரிசையாகத் தொங்குகிறது. நான் டப்பாவைக் கிளறினேன். பழுப்பில் வெள்ளைக் கட்டம், ரொட்டிக் கடை வீடு. கறுப்பில் சாம்பல் கோடு, என் சொந்த மாமா வீடு. அடியில், நிறம் மங்கி, மடிப்பில் கிழிந்த ஒன்று. பச்சையில் இரட்டை மஞ்சள் கோடு.

"இது யாரோடது?" என்றேன்.

"என்னோடது" என்றாள் முட்டைக்கண்ணி.

அதை எடுத்து மேசையில் விரித்தேன். "தலைவரே, இது உங்க வீட்டுத் துணி. போன வருஷம்கூட இதே துணியில உங்களுக்குத் தைச்சுக் குடுத்தேன்."

தலைவர் தன் வீட்டில் தான்தான் மூத்தவர் என்பார். அவருக்கு முன்னால் பெண் ஒன்று பிறந்து பிழைக்கவில்லை என்று அவர் அம்மா சொல்லியிருக்கிறார். தெருவுக்கே தெரிந்த கதை. அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். துணியைத் தொடப் போன கை பாதியில் நின்றுவிட்டது. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

முட்டைக்கண்ணி பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் மட்டும் இன்னும் பெரிதானது. இந்த ஆள் முப்பது வருடமாக அவள் பையைக் கிளறியவர். முப்பது வருடமாக அவள் இவரை வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டிருக்கிறாள்.

"எங்களுது" என்றேன். சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. "பிள்ளை எங்களுது. பிழைச்சிருக்கு."

பின்னாலிருந்து என் மகள் போர்வையோடு தள்ளாடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அது அவளை மோந்து பார்த்துவிட்டு, திரும்பி முட்டைக்கண்ணியின் கோட்டைப் பிடித்து இழுத்தது.

"போடி, போ. உன் அம்மா அவ. நான் வெறும் அடுப்புக்காரி" என்றாள் அவள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

தெருவில் பேசினார்கள். இரண்டு வீடு என்னிடம் மெத்தை வாங்குவதை நிறுத்தியது. ரொட்டிக் கடைக்காரர் மட்டும் ஒரு நாள் வந்து, தன் வீட்டு மாதிரித் துணியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் முட்டைக்கண்ணி பக்கமே போகவில்லை. அவள் வழக்கம்போல மீன் கழுவினாள். சாயந்தரம் வந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவை நாலு சுற்றுச் சுற்றுவாள். என் பேத்திபோல ஒரு சுட்டி இந்த உலகத்திலேயே இல்லை. நான் தாத்தா என்பதற்காகச் சொல்லவில்லை.

மறுபடி பனி வந்தது. பேத்தியோடு நானும் விழித்திருக்கிறேன் என்று எல்லோரிடமும் சவால் விட்டேன். மூன்றாம் நாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சாய்ந்துவிட்டேனாம்.

எழுந்தது எப்படித் தெரியுமா? கட்டில் கால் தட்டுகிற சத்தம். தாளமே இல்லாமல் டொக், டொக்கென்று. கண்ணைத் திறந்தால் என் பேத்தி. தன் உயரத்துக்கு ஒரு அகப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "தாத்தா, எந்தி!" என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தைகள்!

அதைவிடப் பெரிய அதிர்ச்சி வாசலில் இருந்தது. மேசை போட்டிருந்தார்கள். பின்னால் தலைவர். எட்டுப் பேர் வரிசையில் முட்டைக்கண்ணி கடைசி. அவளுக்குப் பின்னால் ஒன்பதாவதாக என் பேத்தி, கழுத்தில் ஒரு துணிப்பையோடு நின்றாள். அவளாகத்தான் போய் நின்றிருக்கிறாள். அதுதான் தன் இடம் என்று நினைத்திருக்கிறாள்.

"பாப்பா, நீ வேண்டாம். தாத்தாகிட்ட போ" என்றார் தலைவர்.

அவள் கேட்டால்தானே? எக்கி எக்கிப் பையை மேசைமேல் கொட்டினாள். ஒரு பொத்தான், காய்ந்த இலை, கடித்த ரொட்டி. திருட்டுச் சொத்தும் ஒன்று இருந்தது, நான் தேடிக்கொண்டிருந்த நூல்கண்டு.

தலைவர் அவற்றைத் தொடவில்லை.

"என்ன தம்பி?" என்றாள் முட்டைக்கண்ணி. அதுவரை 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவாள். "எங்களுதை எல்லாம் கிளறிப் பார்த்த. அவளுதை மட்டும் பாக்க மாட்டியா?"

அவர் எழுந்தார். பொத்தானையும் இலையையும் ரொட்டியையும் ஒவ்வொன்றாக எடுத்து என் பேத்தியின் பையில் திரும்பப் போட்டார். பிறகு நூல்கண்டை என்னிடம் நீட்டி, "இந்த மேசை உன் கடைக்கு ஆகுமா?" என்றார்.

"துணி வெட்ட ஆகும்."

"அப்ப தூக்கிட்டுப் போ. முதல்ல எங்க வீட்டுத் துணியை வெட்டு. பச்சையில ரெட்டை மஞ்சள். மெத்தை ஒண்ணு கூடுதலா வேணும்."

"என்ன அளவு?"

தலைவர் மேசையை என் பக்கம் தள்ளினார்.

"அக்கா அளவுக்கு" என்றார்.

முட்டைக்கண்ணி முகத்தைத் திருப்பி என் பேத்தியின் மூக்கைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. வெகுநேரம் துடைத்தாள்.

"நல்லா அடைச்சுத் தையுங்க மெத்தைக்காரரே" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "நீங்க பஞ்சுல மிச்சம் பிடிக்கிற ஆளு. நான் எத்தனை பேரைப் புரட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"