கரும்பச்சைத் தாளின் வெள்ளைப் பக்கம்

அந்தக் கடையில் மடிப்பக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. மூன்று மாடி, நூற்றுச் சொச்சம் ஊழியர்கள். ஆனாலும் தரைத்தளத்தில் பரிசுப்பொருள் கட்டித்தரும் மேஜைக்குப் பின்னால் நிற்பவளுக்கு மட்டும்தான் பட்டப்பெயரிலேயே மரியாதையும் சேர்ந்து வந்தது. இருபத்திரண்டு வருடமாக அவள் பெட்டிகளைத் தாளுக்குள் வைத்து மூடிக்கொண்டிருக்கிறாள். பூவோ பறவையோ கட்டமோ, ஒரு மடிப்பில் நின்றது அடுத்த மடிப்பில் அப்படியே தொடர வேண்டும். நூலிழை விலகினாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. தாளின் வெள்ளைப் பக்கம் பெட்டியை வைப்பதற்கான இடம், அவ்வளவுதான். அதில் அவளே பென்சிலால் நீள அகலம் கிறுக்கியிருப்பாள். மடித்த பிறகு அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். முப்பத்தொரு வருடம் பார்சல் அலுவலகத்தில் குப்பை கொட்டிவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றவர். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். எண்களைப் பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதுவார், ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு போடுவார். வரி மட்டும் நேராக வராது. தொடங்கிய இடத்திலிருந்து போகப்போக மேலே ஏறிவிடும். எழுதி முடித்ததும் மறந்தும் விடுவார். ஒரு நாளைக்கு ஐந்நூறு பெட்டியின் எண்ணை நினைவில் வைத்தால் மனிதன் பைத்தியமாகத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. இப்படி இரண்டு பேர் ஒரே மேஜையை வைத்துக் குடித்தனம் நடத்தினால் என்றைக்காவது ஒரு வினை வரத்தான் செய்யும். அது ஒரு புதன்கிழமை வந்தது.

வருடக் கடைசி விற்பனைக்குக் கூடத்தை அலங்கரிக்க வேண்டும், வெளியே வாங்க வேண்டாம், மிச்சம் கிடக்கிற பரிசுத்தாளிலேயே ஏதாவது செய்துகொடுங்கள் என்று மேலாளர் மடிப்பக்காவிடம் சொல்லியிருந்தார். அவளும் நான்கு வகைத் தாள்களை வீட்டுக்குச் சுமந்துவந்து சாப்பாட்டு மேஜைமேல் அடுக்கிவைத்தாள். சிவப்பில் வெள்ளைப் புள்ளி, நீலத்தில் அலை, மஞ்சளில் கட்டம், கரும்பச்சையில் தங்கப் பறவைகள். புதன்கிழமை வேலை முடிந்து வந்து, அழகுப் பக்கம் மேலாக ஆறு ஆறு தாளாக அடுக்கி, பறவைகளின் கழுத்து அறுபடாமல் கீற்றுக் கீற்றாக வெட்டினாள். ஒரு தாளுக்கு இருபது கீற்று. வியாழக்கிழமை அவற்றை வளையமாக ஒட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்தாள். சில பச்சைக் கீற்றுகளின் பின்பக்கத்தில் ஏதோ எண்கள் கண்ணில் பட்டன. மிச்சத் தாள்தானே, தன் பழைய அளவாக இருக்கும் என்று கை அதன் பாட்டுக்கு ஓடியது. வெள்ளிக்கிழமை மதியம் நான்கு நீளச் சங்கிலிகள் கூடத்தின் உச்சியில் தொங்கின. மேலாளரே அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்.

அன்று கடை மூடி வீட்டுக்கு வந்து அவள் காபியோடு உட்கார்ந்தபோது வீட்டுக்காரர் எதிரில் வந்து நின்றார். உட்காரவில்லை. தொண்டையைச் செருமினார், சன்னலைப் பார்த்தார், மறுபடி செருமினார்.

"என்னங்க, சொல்றதைச் சொல்லுங்க. மென்னு முழுங்காதீங்க."

"புதன்கிழமை ஒரு ஃபோன் வந்துச்சு."

"யாரு?"

"நம்ம பொண்ணு."

மடிப்பக்கா காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது. எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளும் அவள்தான். மகள் யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனாள். ஆறு மாதம் கழித்து அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு பார்சல் அனுப்பினாள். பரிசுத்தாள் சுற்றிய பெட்டி. மூலை மடிப்பு நான்கும் நான்கு விதமாக இருந்ததைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. மடிப்பக்கா அதைப் பிரிக்கவில்லை. "வந்த வழியே திருப்பி அனுப்புங்க" என்று புருஷன் கையிலேயே கொடுத்தாள். அவர் தன் அலுவலகத்துக்கே அதை எடுத்துப்போய், 'பெறுபவர் மறுத்தார்' என்ற முத்திரையைத் தன் கையாலேயே குத்தி அனுப்பினார். அதன் பிறகு மகளின் பழைய எண் எடுபடவில்லை. கூப்பிட்டுப் பார்த்தது மடிப்பக்காதான். குளியலறைக்குள் நின்று, தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, எத்தனையோ தடவை. அது வீட்டுக்காரருக்குத் தெரியாது.

"என்ன சொன்னா?"

"சனிக்கிழமை மத்தியானம் பன்னண்டு மணி வரைக்கும் இந்த நம்பர்ல இருப்பாளாம். அப்புறம் நாடு விட்டுப் போறாங்களாம். அம்மாவுக்குப் பேசணும்னு இருந்தா பேசட்டும், நான் மறுபடி கூப்பிட மாட்டேன்னு சொன்னா."

"புதன்கிழமை வந்த ஃபோனை இன்னைக்குச் சொல்றீங்க."

"நீ எப்படி எடுத்துக்குவியோன்னு பயம். ரெண்டு நாளா நல்ல நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ கையை நீட்டினாள். "நம்பரைக் குடுங்க."

"அதைத்தான் காலையிலிருந்து தேடறேன். ஃபோன் பக்கத்துல துண்டுச்சீட்டு இல்ல. மேஜை மேல ஒரு வெள்ளைத் தாள் கிடந்துச்சு, அதுல நீலப் பேனாவால எழுதினேன்."

"எந்த மேஜை?"

அவர் சாப்பாட்டு மேஜையைக் காட்டினார். அது துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. பச்சைக் கீற்றுகளின் பின்னால் பார்த்த எண்கள் மடிப்பக்காவுக்கு நினைவு வந்தன. வெட்டியது, ஒட்டியது, கோத்தது எல்லாம் தன் கை. வேறு யாரையும் திட்டக்கூட வழியில்லை.

வீட்டுத் தொலைபேசி பழங்காலத்து டப்பா; யார் கூப்பிட்டார்கள் என்று காட்டாது. எண்ணில் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டாள். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. "எழுதிக்கிட்டே போனதுல கடைசி எண்ணுக்கு இடம் பத்தல. மேல் ஓரத்துல இடுக்கி எழுதினேன்."

கடை பூட்டியாகிவிட்டது, காவலாளி மேலாளர் சொல்லாமல் திறக்க மாட்டார். மறுநாள் எட்டு மணிக்கு ஊழியர்கள் நுழையும் பின்கதவு திறந்தபோது அவள்தான் முதல் ஆளாக நின்றாள். கிளம்பும்போது வீட்டுக்காரரிடம், "ஃபோனை விட்டு நகராதீங்க, குளிக்கக்கூடப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கடையின் மின்வேலைக்காரர் நல்ல உயரம். உயரத்தாலும் வேலையாலும் அவருக்கு ஏணியண்ணன் என்று பெயர். அவர் விஷயத்தை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. ஏணியை இழுத்துப்போட்டு மேலே ஏறினார்.

"பச்சை வளையம் மட்டும் பாருங்கண்ணே. உள்பக்கம் நீல மையில எழுதியிருக்கும். பென்சில்ல இருந்தா அது என்னுது, விட்டுடுங்க."

"பச்சையே நூத்தியிருபது இருக்கும்போலிருக்கேம்மா."

"சரியா நூத்தியிருபதுதான். நான்தானே ஒட்டினேன்."

அவர் ஒவ்வொரு வளையத்தையும் விரலால் திருப்பிப் பார்த்தார். கீழே நின்றவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எண்பது வளையம் தாண்டும்வரை இரண்டே எண்கள் கிடைத்தன. பிறகு மூன்றாவது சங்கிலியில் கொத்தாக வந்தன. கிடைத்த கீற்றை வெட்டிக் கீழே போட, அவள் அதை மேஜையில் விரித்துவைத்தாள். ஒன்பதரைக்கு மேலாளர் வந்தார். அறுந்து தொங்கிய சங்கிலியைப் பார்த்தார்.

"என்னக்கா இது? பத்து மணிக்குக் கதவைத் திறக்கணும்."

"திறங்க சார். அதுக்குள்ள பின் அடிச்சு மாட்டிடுவோம். என் பொண்ணு நம்பர் அதுக்குள்ள இருக்கு."

இரண்டு வருடமாக அவள் மகளைப் பற்றி அந்தக் கடையில் பேசியதே இல்லை. மேலாளர் ஒன்றும் புரியாமல், ஆனால் ஏதோ புரிந்தவர்போல, ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்பது எண்கள் வந்துவிட்டன. வரிசைதான் உதைத்தது. கீற்றுகளைப் பையில் போட்டுக் குலுக்கித்தானே எடுத்து ஒட்டினாள், எது முன்னால் எது பின்னால் என்று எப்படித் தெரியும்? ஒன்பது எண்ணை மாற்றி மாற்றிப் போட்டால் ஆயுசு போதாது. அவள் கீற்றுகளை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் கவனித்தாள். ஒரு கீற்றில் எண் நடுவில் இருந்தது, இன்னொன்றில் சற்று மேலே, மற்றொன்றில் அதற்கும் மேலே. முப்பது வருடமாக அவள் கிண்டல் செய்த ஏறுவரி. "கோணக் கையா, நல்லா இரு" என்று புருஷனை வாய்விட்டு வாழ்த்தியபடி படிக்கட்டுபோல் அடுக்கினாள். வரிசை வந்துவிட்டது.

பத்தாவது எண் மேல் ஓரத்தில் இருந்தது. மேல் ஓரம்தான் அவள் பசை தடவும் இடம். அந்த வளையத்தையும் கண்டுபிடித்தார்கள். ஒட்டுவாயில் நீல மையின் வால் மட்டும் எட்டிப்பார்த்தது. நகத்தால் நெருடி, ஆவி காட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தாள். அவள் ஒட்டினால் ஒட்டினதுதான். தாளின் தோல் உரிந்து வந்தது, எண் வரவில்லை.

"ஒண்ணுதானேம்மா இல்ல," என்றார் ஏணியண்ணன். "பூஜ்யத்துலேருந்து ஒன்பது வரைக்கும் போட்டுப் பாரேன்."

கதவு திறந்தது. கூட்டம் வந்தது. மடிப்பக்கா போன வருடம் புது எண்ணோடு வாங்கிய சின்னக் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பெட்டி கட்டினாள். பூஜ்யம், உபயோகத்தில் இல்லை. ஒன்று, ஒரு ஆள் எடுத்தவுடன், "குழாய் ரிப்பேருக்கு எப்பதான் வருவீங்க, வீடெல்லாம் தண்ணி" என்று பிடித்துக்கொண்டார். அவரைக் கழற்றிவிடவே மூன்று நிமிடம் போனது. நடுவில் ஒரு கிழவர் தவறான எண் என்று சொல்லிவிட்டு, நல்ல மனசு, நீங்கள் தேடுகிறவர் கிடைக்கட்டும் என்றார். ஆறு, மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எட்டில் ஒரு பெண் 'ஹலோ' என்றபோது அவளுக்கு உயிர் போய் வந்தது, ஆனால் அது வேறு குரல். ஒன்பதும் ஆயிற்று.

"அக்கா, தாள் மாறிப்போச்சே."

எதிரில் நின்ற பெண் தன் பெட்டியைக் காட்டினாள். வெள்ளை வெளியே, பறவைகள் உள்ளே. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. மடிப்பக்கா மன்னிப்புக் கேட்டுப் பிரித்து மறுபடி கட்டினாள். யாரும் எடுக்காத எண் ஒன்றே ஒன்றுதான். அப்படியானால் அது ஆறு. அப்படியானால் மகள் எடுக்கவில்லை. போய்விட்டாளா, தெரியாத எண் என்று விட்டுவிட்டாளா, அல்லது தெரிந்தேதான் எடுக்கவில்லையா? பார்சலைத் திருப்பி அனுப்பியவள்தானே நான், இப்போது என் அழைப்பு திரும்பி வருகிறது, இதில் அழ என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அழுகை வந்தது.

மணி பதினொன்று நாற்பது. மறுபடி ஆறு. எடுக்கவில்லை. பதினொன்று நாற்பத்தெட்டு. மணி ஆறு தடவை அடித்த பிறகு எடுத்தார்கள்.

"யாருங்க? சும்மா சும்மா கூப்பிடறீங்க. கை வேலையா இருக்கேன், பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டிருக்கேன்."

மடிப்பக்கா ராத்திரி முழுக்க யோசித்துவைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "அம்மாடி" என்றாள்.

அந்தப் பக்கம் டேப் கிழிக்கும் சத்தம் நின்றது.

"புதன்கிழமையே சொன்னேன்மா அப்பாகிட்ட."

"தெரியும். எனக்கு நேத்துதான் தெரியும். நம்பரை நான் வெட்டிட்டேன். வெட்டித் தோரணம் கட்டிட்டேன். நூத்தியிருபது வளையம் பார்த்து எடுத்தோம், கடைசி எண்ணு பசையில போயிடுச்சு. ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கூப்பிட்டு உன்னைக் கேட்டேன்."

மகளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அம்மா அழுகிறாள் என்பது புரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீ திருப்பி அனுப்புனியே, அது இன்னும் அப்படியே இருக்கும்மா. பிரிக்கல. எல்லாத்தையும் கட்டிட்டேன், அதை மட்டும் என்ன செய்யறதுன்னு தெரியாம முன்னால வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கூடவும் கொண்டு போக முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல."

மேஜைக்கு எதிரே ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மேலாளர் யாரையும் முன்னால் விடாமல் கையை விரித்து நின்றார்.

"நீ பிரிக்காத," என்றாள் மடிப்பக்கா. "கூடவே எடுத்துக்கிட்டுப் போ. போற இடத்து விலாசம் சொல்லு. நான் வந்து பிரிக்கிறேன்."

"அவ்வளவு தூரம் வருவியா?"

"விலாசத்தைச் சொல்லுடி."

பேனாவை ஏணியண்ணன் நீட்டினார். மடிப்பக்கா ஒரு புதுத் தாளை உருவி, வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, மகள் சொல்லச்சொல்லக் கதவு எண்ணிலிருந்து எழுதினாள். எழுதி முடித்ததும் நான்காக மடித்தாள். பறவைகள் எங்கே வெட்டுப்பட்டன என்று பார்க்கவில்லை. மேஜைமேல் வைக்காமல் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, வரிசையில் முதலில் நின்றவரின் பெட்டியைக் கையை நீட்டி வாங்கினாள்.