“வாரேனுங்க்கா” என்றான் தம்பி

என் தம்பி கடலில் விண்ட்சர்ஃபிங், அதாவது பாய்மரப் பலகையில் காற்றோடு சறுக்கப் பழகியவன். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து எங்கள் ஊர்க் குளத்தில் அலையடிப்பதைப் பார்த்ததும், பாய் கட்டிய பலகையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். நான் கரையில் நின்றேன்.

நடுக்குளத்தில் பாய் சாய்ந்து, தண்ணீரில் விழுந்தான். பலகையில் மறுபடி ஏறத் திணறினான்.

“எதுக்குக் கண்ணு சிரமம்? இடுப்பளவு தண்ணிதான், நடந்தே வந்துரு!” என்று கத்தினேன். அடியில் கிடந்த சேற்றை நான் நினைக்கவே இல்லை. என் பேச்சைக் கேட்டு எழுந்து நின்றான். கால்கள் புதைந்துவிட்டன; கரையில் நின்ற எனக்கு அது தெரியவில்லை.

“வாரேனுங்க்கா!” என்று கையசைத்தான்.

அதை நம்பி, துண்டு எடுக்கக் காருக்குப் போனேன். திரும்பி வந்தபோது, காற்றில் புரண்ட பாய் அவன்மேல் கவிழ்ந்து கிடந்தது. மீன்பிடிக்கும் பரிசல்காரர்கள் தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

இப்போது அங்கே பலகையோடு வருகிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்கிறேன்: “உழுந்தா நிக்காதீங்க சாமி, பலகை மேல படுத்துக்கிட்டே வாங்க.”

எங்கள் ஊர்ப் பக்கம் விடைபெற்றுப் போகிறவர்களும் “வாரேன்” என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போதெல்லாம் அந்தச் சொல் காதில் விழுந்தால், சொன்னவர் என் பக்கத்தில் வந்து நிற்கும்வரை நான் கண்ணை எடுப்பதில்லை.