சாய்த்து மாட்டிய கண்ணாடி

பரளச்சியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. தண்ணீர் கேட்டுப் போன வீட்டில் ஓர் அக்கா உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுகிறார்.

எதிர்ச்சுவரில் கட்டில் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. பித்தளைச் சட்டம் முழுக்க அரபு நாட்டுப் பூவேலை. அதன் கீழே நம்மூர்த் தேக்கு பெஞ்சு, மேலே அருப்புக்கோட்டைத் தறி விரிப்பு. மூன்றும் ஒரு தாய் பிள்ளைகள் போலப் பொருந்திப்போகின்றன. ஆனால் கண்ணாடி மட்டும் சுவரை விட்டு முன்னால் சாய்ந்து நிற்கிறது.

“ஆணி இளகிருச்சாக்கா?”

“இல்ல தம்பி, நாந்தான் சாய்க்கச் சொன்னேன். நேரா மாட்டுனா தரை தெரியல. எங்க வீட்டுக்காரரு சவுதியிலருந்து அனுப்புனது. அவுக போனப்புறம் கட்டுன வீடு, இன்னும் வந்து பாக்கல.”

பேசிக்கொண்டிருக்கும்போதே வீடியோ கால் வருகிறது. அக்கா போனைக் கண்ணாடிக்கு நேராகப் பிடிக்கிறார். அதில் அக்கா, கூடம், வாசல், தெரு எல்லாம் ஒன்றாகத் தெரிகின்றன. நானும்தான்.

“நாற்காலில யாரு?” என்கிறது போன்.

“பஸ்ஸு நின்னுருச்சு. தண்ணி கேட்டு வந்தாக.”

“வெறுந்தண்ணியா குடுத்த? டீ போடு.”

அக்கா நாக்கைக் கடித்தபடி போனை என்னிடம் தந்துவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறார்.

“நல்லா சாஞ்சு உக்காருங்க தம்பி” என்கிறார், அந்த வாசலை இன்னும் மிதிக்காதவர். “நம்ம வீடுதான்.”