நண்டுச் சினை என்ன குடி?

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. காலை 5.10க்கு எழும்பினேன். சீனியில்லாத தேத்தண்ணி ஒரு கோப்பை. 5.40க்குக் கிணற்றடி. 7.05க்குப் பாடசாலை, உயர்தர வகுப்புக்கு உயிரியல், நான்கு பாடவேளை. மதியம் சிவப்பரிசிச் சோறும் தேங்காய்ப்பால் விடாத கீரையும்.

தின்பதையெல்லாம் நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன். மூன்று மாதமாக மனைவியும் அதை வாசிக்கிறார், என் எழுத்துநடைக்காக அல்ல. மறுநாள் காலை 6.30க்கு எனக்கு இரத்தப் பரிசோதனை. கொலஸ்ட்ரோல் இறங்கவில்லை என்றால் காலம் முழுக்க மாத்திரை என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை விழுங்கப் பயம் என்று ஐம்பத்திரண்டு வயதில் யாரிடம் சொல்வது? பரிசோதனைக்கு முன் பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிறு. ஆகவே மாலை 6.30க்குள் சாப்பாட்டை முடிக்கவேண்டும்.

மாலை 5.20க்கு மனைவியின் அண்ணன் வாளியில் மூன்று நண்டோடு வந்தார். வாவியில் நண்டுக்கூடு போடுபவர்.

"மூண்டும் சினை, மச்சான். வாவி உங்களுக்கெண்டே தந்திருக்கு."

"அவருக்கு நாளைக்கு ரத்தம் எடுக்கிற, அண்ணன்," என்றார் மனைவி. "சினை நமக்கு. அவருக்கு ரசம்."

"டொக்டர் கோழி முட்டையத்தானே வேணாமெண்டவர்," என்றேன். "நண்டப் பத்தி ஒண்டும் சொல்லல்லயே."

அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபத்தாறு வருடம் கற்பித்த வாய் நிற்குமா? கொழுப்பு தண்ணீரில் கரையாது, அதைத் தூக்கிச் செல்ல ஒரு புரதம் வேண்டும் என்று தொடங்கினேன். எலும்பே தோன்றாத காலத்தில், ஆதி விலங்குகளின் முட்டைக்குள் கொழுப்பைக் கொண்டுபோய் நிரப்பிய ஒரு புரதம் இருந்தது. தலைமுறைகள் போகப்போக அதன் மரபணு பிரதியாகிப் பிரதியாகிப் பெருகியது. ஒரு பிரதி பழைய வேலையிலேயே இருந்து இன்றும் கோழி முட்டையின் மஞ்சட்கருவை நிரப்புகிறது. இன்னொன்று வேறு வேலைக்குப் போய்விட்டது.

மைத்துனர் நண்டின் ஓட்டைக் கழற்றியபடி கேட்டார். "அப்ப கோழி முட்டையும் நண்டுச் சினையும் ஒரே குடியா, மச்சான்?"

எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. ஆளின் பெயருக்கு அடுத்ததாக அதைத்தான் கேட்பார்கள். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை.

இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் சினை எனக்கு வந்திருக்கும். ஆனால் பாடத்தைப் பாதியில் விட எனக்கு மனம் வராது.

"மூதாதை ஒண்டுதான். ஆனா குடி வேற. நண்டுச் சினைய நிரப்புற புரதத்துக்குக் கிட்டின சொந்தம் கோழியில்ல."

"மறுகா ஆரு?"

"வேற வேலைக்குப் போன பிரதிட வழியில வந்த, நம்மட ரத்தத்தில கொலஸ்ட்ரோலத் தூக்கித் திரியிற புரதம்."

மனைவி தேங்காய் திருவுவதை நிறுத்தினார். "அப்ப அது உங்கட குடி."

"நானில்ல. என்ர ரத்தத்தில இருக்கிற..."

"சொந்தம் ரத்தத்தில இல்லாம வேற எங்க இருக்கிற?"

"ஒரே குடிக்க கலியாணமே முடிக்க ஏலாது," என்றார் மைத்துனர். "அதக் கடிச்சுத் தின்னுறது எப்படி?"

இரண்டு நண்டின் சினையை அவர்தான் தின்றார். அவருக்கு உடம்பில் இரத்தமே இல்லையாக்கும்.

6.25க்கு எனக்கு இடியப்பம் நான்கு, ரசம். 7.50க்கு மைத்துனரை வழியனுப்ப மனைவி படலைக்குப் போனார். சட்டியின் ஓரத்தில் செம்மஞ்சளாகக் கொஞ்சம் சினை ஒட்டிக்கிடந்தது. குடிமுறைப்படி பெருங்குற்றம். உப்பு அளவாக இருந்தது.

கொப்பியில் இதுவரை பொய் எழுதியதில்லை. 8.15க்கு எழுதினேன்: 'இரவு 7.52, நண்டுச் சினை, மேசைக்கரண்டி 1.' பிறகு கணக்குப் பார்த்தேன். 7.52க்குப் பன்னிரண்டைக் கூட்டினால் காலை 7.52; அதற்குமுன் இரத்தம் கொடுக்கமுடியாது. அந்நேரம் நான் வகுப்பில் நிற்கவேண்டும்.

மறுநாள் 5.10க்கு எழும்பினேன். தேத்தண்ணி இல்லை. முதல் வேலையாகப் பாடசாலை அதிபருக்கு அரைநாள் லீவுக் கடிதம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'உறவினர் ஒருவர் சம்பந்தப்பட்டது' என்று போட்டேன். தலையை நிமிர்த்தினால், எதிரே மனைவி கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஒரு கரண்டி. தட்டையாவா, குவிச்சா?"

கொப்பியை வாங்கி, '1' க்குப் பக்கத்தில் 'குவித்து' என்று சேர்த்தேன்.